ஈறு நிறக் கதவு

இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சத்தியம். கூட்டிச் சொல்கிற ஆட்களின் கதைகளோடு இதைச் சேர்த்துவிட வேண்டாம். இங்கே சில இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது. முழுவதையும் சொன்னால் கேட்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். இதில் நள்ளிரவு வராது, நாய் ஊளையிடாது, வெள்ளைப் புடவை அசையாது. அதற்காக மன்னித்துக்கொள்ள வேண்டியதுதான். நடந்ததெல்லாம் மத்தியானம் மூன்று மணிக்கு, நல்ல வெயிலில்.

அந்த வீட்டு வாசலில் சாமான் வண்டி வந்து நின்றபோதும் மணி மூன்றுதான். முதலில் இறங்கியவர் பல்செட்டுக்காரர். அவருடைய தொழிலும் அதுதான், எல்லோரும் கூப்பிடும் பெயரும் அதுதான். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து அதற்குப் பல் செய்து அனுப்புவார். இருபத்திரண்டு வருடமாக அந்த ஊரில் பாதிப் பேர் சிரித்தது இவர் கைவேலையால். எதிரே ஆள் வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். நாம் வெள்ளை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற நிறத்தில் பதினாறு வகை உண்டு. பதினாறும் அவருக்கு அத்துப்படி. அந்தப் பெருமையும் அவருக்குக் கொஞ்சம் அதிகம்.

அடுத்து இறங்கியவள் அவர் மனைவி. பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு செய்கிறவள். டிரைவர்களும் கண்டக்டர்களும் அவளை மைக்கம்மா என்பார்கள். எந்த மேடையில் எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று அவள் சொன்னால், தூங்கிக்கொண்டிருப்பவனும் சரியான வண்டியில் ஏறிவிடுவான். ஓர் எழுத்துப் பிசகாது. காரணம் அவளுடைய பற்கள். தன் தொழிலில் பார்த்த வாய்களிலேயே கை வைக்க வேலையில்லாத ஒரே வாய் அதுதான் என்று பல்செட்டுக்காரர் சொல்வார். முதன்முதலில் தன்னைப் பார்த்தபோது அவர் பார்த்தது அதை மட்டும்தான் என்று அவளும் சொல்வாள்.

இருவரும் வாசலில் நின்றார்கள். கதவைப் பார்த்தார்கள்.

வீடு வாங்கும்போது மழைக்காலம். கதவைத் திறந்து வைத்துத்தான் தரகர் காட்டினார். மூடிய கதவை வெயிலில் பார்ப்பது இப்போதுதான். சிவப்பு இல்லை, காவி இல்லை, ரோஜாவும் இல்லை. மேலே ஈரம் பூத்தது போல ஒரு மினுமினுப்பு. பல்செட்டுக்காரர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். அந்த நிறத்தை அவர் தினமும் பொடியில் அளந்து குழைக்கிறவர். பல் செட்டில் பல்லுக்கு மேலே சதைபோல வருமே, அதன் நிறம்.

ஈறு.

"என்னங்க இது," என்றாள் மைக்கம்மா. "வீட்டுக்குள்ள போற மாதிரியே இல்ல. யாரோ கொட்டாவி விடுற நேரம் பாத்து உள்ள நுழையிற மாதிரி இருக்கு."

உள்ளே போனதும் கிராம்பு எண்ணெய் வாசனை அடித்தது. அவர் தன் சட்டையைத்தான் முகர்ந்து பார்த்துக்கொண்டார். பல் வேலை செய்கிறவர் சட்டையில் அந்த வாசனை வராமல் வேறு எதில் வரும்?

கதவின் நிறத்தை முதலில் மாற்றுவது என்று அன்றே முடிவானது. எந்த நிறம் என்பதில்தான் முடிவாகவில்லை. மைக்கம்மா பெயின்ட் கடையிலிருந்து நிற அட்டை வாங்கி வந்தாள். புதுச் சமையலறையில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து அதை விரித்தார்கள். அவளுக்கு ஓர் இலைப்பச்சை பிடித்திருந்தது. விரலை அதிலிருந்து எடுக்கவே இல்லை. பல்செட்டுக்காரர் அட்டையைப் பார்க்கவில்லை. பையிலிருந்து தன்னுடைய வளையத்தை எடுத்தார். சாவிக்கொத்து போல இருக்கும். சாவிக்குப் பதிலாகப் பதினாறு பற்கள் தொங்கும், ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை. அதைக் கொண்டுபோய் வாசற்கதவில் ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்தார். தெருவில் போன ஒரு பெண்மணி நின்று பார்த்துவிட்டு வேகமாக நடந்தாள்.

கடைசியில் நான்காவது பல்லின் நிறம் என்று தீர்ப்பானது. தந்தத்துக்கு ஒரு படி கீழே, மோருக்கு ஒரு படி மேலே. பச்சை வெயிலுக்கு வெளிறிப்போகும், அழுக்கு காட்டும், அது இது என்று அவர் ஐந்து காரணம் சொன்னார். மைக்கம்மா அட்டையை மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். "கேட்ட மாதிரியும் ஆச்சு, கேக்காத மாதிரியும் ஆச்சு," என்று மட்டும் சொன்னாள்.

பெயின்டர் மறுநாள் வந்தார். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்; எல்லோரும் ரெண்டுகோட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தச் சுவரைக் காட்டினாலும், எந்த மரத்தைக் காட்டினாலும், அரைக்கண்ணால் பார்த்துவிட்டு "ரெண்டு கோட் போதும் சார்" என்பார். நிறத்துக்காக அவர் கையில் பல்செட்டுக்காரர் ஒற்றைப் பல்லைக் கொடுத்தபோது, அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது யாரோடது?"

"யாரோடதும் இல்ல. மாதிரி."

"அப்ப சரி," என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பழைய பெயின்டைச் சுரண்டத் தொடங்கியபோதே ரெண்டுகோட்டுக்கு முகம் மாறியது. பழைய எனாமல் என்றால் பொரிப்பொரியாக உதிர வேண்டும். இது உதிரவில்லை. கத்தியோடு சுருண்டு வந்தது, மெத்தென்று, ஈரமாக. அவர் ஒவ்வொரு தடவையும் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டார். கீல் பக்கம் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு மரம் வரை சுரண்ட முடிந்தது. அங்கே சிவப்புக்கெல்லாம் அடியில் மங்கலாக ஏதோ ஒரு பழுப்பு தெரிந்தது. மற்ற இடத்தில் மேலோடு தேய்த்து, பட்டி வைத்து, பிரைமர் அடித்து, அடுத்த நாள் காலையில் முதல் கோட் போட்டார். வேலையை முடித்ததும் கதவை நன்றாகத் திறந்து, அசையாமல் ஒரு நாற்காலியை அணை கொடுத்தார்.

"விளிம்பெல்லாம் பச்சையா இருக்கு. காயிற வரைக்கும் சாத்தக் கூடாது. சாத்துனா ஒட்டிக்கும்."

ஆக, அந்த வீடு வாயைத் திறந்தபடி நின்றது.

மத்தியானம் மூன்று மணி. மைக்கம்மா வேலைக்குப் போயிருந்தாள். ரெண்டுகோட்டு பின்பக்கம் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். பல்செட்டுக்காரர் அறையில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. ஈரமான, மெதுவான சத்தம். ரொட்டியைப் பாலில் நனைத்து, பல் இல்லாத ஒருவர் நிதானமாக மென்றால் எப்படிக் கேட்குமோ அப்படி.

கிராம்பு வாசனை கொஞ்சம் கூடியது.

அவர் வந்து பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது. பூட்டுப் பக்க விளிம்பில், ஒரு குள்ளமான ஆளின் வாய் உயரத்தில், பெயின்டும் பட்டியும் அமுங்கி ஒரு பள்ளம். கதவின் வெளிப்பக்கம் குதிரை லாடம் போலப் பெரிய வளைவு. உள்பக்கம் அதே இடத்தில் சிறிய வளைவு. வழவழவென்று, கோடு கீறல் எதுவும் இல்லாமல்.

"பூனை உரசியிருக்கும் சார்," என்றார் ரெண்டுகோட்டு.

பல்செட்டுக்காரர் குனிந்து பள்ளத்தை உற்றுப் பார்த்தார். பூனை அப்படி உரசாது. வேறு எது அப்படி அமுக்கும் என்று அந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். 

மறுநாள் காலையில் பெயின்ட் காயவில்லை. அது போகட்டும், தந்த நிறத்துக்கு அடியிலிருந்து பழைய நிறம் மேலே வந்திருந்தது. முதலில் தேமல் போல, பிறகு முழுக்க. ரெண்டுகோட்டுக்கு இது புதிதல்ல. சில சிவப்பு அப்படித்தான், எத்தனை மேலே அடித்தாலும் கசியும், இரண்டாவது கோட்டில் அடங்கிவிடும் என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் சமையலறையில் மைக்கம்மா ரொட்டியைக் கடித்தாள்.

அவள் கத்தவில்லை. ரொட்டித் துண்டை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள்.

ரொட்டியில் ஒரு பல் நின்றுகொண்டிருந்தது. மேல்வரிசையில் முன்பல்லுக்கு அடுத்தது. இரத்தம் இல்லை, வலி இல்லை, வேர் உடையவில்லை. கடையில் பொருளை எடுத்துக் கொடுப்பது போல ஈறு அதை எடுத்துக் கொடுத்திருந்தது.

"நேத்து வரைக்கும் ஆடக்கூட இல்லைங்க," என்றாள்.

பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, ஈறு நன்றாக இருக்கிறது, பல் ஏன் விழுந்தது என்று பல்லைத்தான் கேட்க வேண்டும் என்றார்.

இந்த இடத்தில் பல்செட்டுக்காரர் யோசித்திருக்க வேண்டும். யோசித்தார், ஆனால் நிறத்தைப் பற்றி. இன்னும் வெளுப்பாக அடித்தால் சிவப்பு கசியாது என்று அவருக்குத் தோன்றியது. வளையத்தில் முதல் பல்லை எடுத்தார். இருப்பதிலேயே வெள்ளை அது. பால் வெள்ளை என்பார்களே, பால் இதைப் பார்த்தால் வெட்கப்படும். இரண்டாவது கோட் அந்த நிறத்தில் ஏறியது. நாற்காலி மறுபடி அணைக்கு வந்தது.

மூன்று மணிக்கு மறுபடி அந்தச் சத்தம்.

இந்தத் தடவை கொஞ்சம் அவசரமாக. பிடிக்காத ஒன்றை வாயில் வைத்தவர் மெல்லுவது போல.

மறுநாள் காலையில் கதவு பழையபடி ஈறாக இருந்தது. வளைவு இன்னும் ஆழமாக இறங்கியிருந்தது. மைக்கம்மா வாய் கொப்பளித்தபோது தொட்டியில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவது பல், முதலாவதற்குப் பக்கத்து வீடு.

அன்றும் அவள் வேலைக்குப் போனாள். அவள் அப்படிப்பட்டவள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே சிரித்தாள், கையால் வாயை மூடிக்கொண்டு. ஆறாவது மேடையைப் பற்றிச் சொல்லும்போது பல் போன சந்தில் காற்று புகுந்து மைக்கில் நீளமாக விசில் அடித்துவிட்டதாம். கண்டக்டர்தான் விசில் கொடுக்கிறார் என்று நினைத்து, நிலையத்தில் நின்ற ஒன்பது வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டனவாம். நாலு கண்டக்டர்கள் டீக்கடையிலேயே நின்றுபோனார்களாம். சொல்லி முடித்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"இன்ஸ்பெக்டர் ஒரு வாரம் பாக்கிறேன்னார். பல்லு சரியாகலன்னா டிக்கெட் எண்ணுற எடத்துக்கு மாத்திடுவாங்களாம். பதினஞ்சு வருஷமா இந்த வாயை வச்சுதாங்க நான் ஒரு ஆளு." நாக்கால் எதையோ தொட்டுப் பார்த்தாள். "இன்னொண்ணும் ஆடுது."

பல்செட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போனார். திறந்த கதவின் முன் குந்தி உட்கார்ந்தார். ஈறு நிறம். அதில் ஒரு வாயின் பள்ளம். அவருக்கு ஒன்று உறைத்தது. இது கறையும் இல்லை, கசிவும் இல்லை.

இது அச்சு.

இதைப் பார்த்ததும் வேறு யாராக இருந்தாலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருப்பார்கள். பூட்டவும் முடியாது என்பது வேறு விஷயம். பல்செட்டுக்காரர் செய்ததை இன்னொரு பல்செட்டுக்காரர்தான் செய்வார். பிளாஸ்டரைக் கெட்டியாகக் குழைத்து எடுத்துவந்து, அந்த வெளிப்பக்கப் பள்ளத்தில் வைத்து உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும், அது இயற்கை. இது சூடாகவில்லை. உள்ளங்கையில் மூச்சு பட்டது போல விட்டு விட்டு வெதுவெதுப்பானது.

இறுகியதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் இருந்த தன் பழைய பட்டறைக்குப் போனார். விளக்கடியில் வைத்துப் பார்த்தார். பல் இல்லாத மேல்தாடை. வலது பக்கக் கடைசியில் ஒரு பட்டாணி அளவு புடைப்பு. நடுவில் உதடு இழுக்கும் இடத்தில் ஆழமான வெட்டு. தையல்காரருக்குத் தோளைப் பார்த்தால் ஆள் தெரியும். இவருக்குத் தாடையைப் பார்த்தால் தெரியும். இந்தத் தாடைக்கு இவர் பல் செய்திருக்கிறார்.

ஒரு தடவை இல்லை. மூன்று தடவை.

பட்டறைப் பரணில், பழைய வாய்களின் அச்சில் வார்த்த பிளாஸ்டர் மாடல்கள் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. ஏணி போட்டு ஏறித் தேடினார். பின்வரிசையில், தூசிக்கு அடியில் இருந்தது அந்தப் பெட்டி. உள்ளே ஒரு மாடல். கையிலிருந்ததும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள். கூடவே மூன்று ஜோடிப் பல் செட்டுகள், ஒன்றைவிட ஒன்று வெள்ளையாக. மூன்று சீட்டுகள். மூன்றிலும் அவர் கையெழுத்தில் ஒரே வரி: நிறம் சரியில்லை, திரும்பி வந்தது. பெட்டி மூடியில் முகவரி. கதவு எண்ணும் தெருவும்.

தன் வீட்டு முகவரியை அவர் இரண்டு தடவை வாசித்தார்.

அந்தப் பல் கேட்டு வந்த அம்மா நினைவுக்கு வந்துவிட்டார். ஆறு வருடம் இருக்கும். எந்த டாக்டரும் அனுப்பி வரவில்லை, நேராக வந்தார். எப்போதும் மத்தியானம் மூன்று மணிக்கு. குள்ளமான உருவம். கைக்குட்டையால் வாயை மூடியிருப்பார். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். "தம்பி, எனக்கு என் பல்லு நிறத்துலயே வேணும்" என்றார். அது எந்த நிறம் என்று இவர் கேட்டார். நாற்பது வருடம் டீ குடித்த பல்லின் நிறம் என்றார். பல்செட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. காசு கொடுத்துக் கறைப்பல் வாங்குகிறவர் உண்டா? தன் பட்டறையிலிருந்து அப்படி ஒரு செட் வெளியே போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? தந்த நிறத்தில் செய்துவைத்தார். அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அடுத்தது இன்னும் வெளுப்பாக. அதுவும் திரும்பியது. மூன்றாவது தடவை, பால் வெள்ளை. போட்டுப் பார்த்தால் பிடித்துவிடும் என்று இவர் வற்புறுத்தினார்.

அந்த அம்மா கைக்குட்டையை எடுக்காமலே மெல்லச் சொன்னது அவருக்கு அப்படியே காதில் இருந்தது.

"உங்களுக்குப் புடிச்ச நிறத்த என் வாயில வைக்காதீங்க, தம்பி."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஆள் போய்விட்டார் போலிருக்கிறது என்று பல்செட்டுக்காரர் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். இப்போது அதே தந்த நிறத்தையும் அதே பால் வெள்ளையையும், அதே வரிசையில், அந்த வீட்டு வாசலிலும் பூச வைத்திருக்கிறார்.

மைக்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே ஆடும் பல்லை விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். பயந்தாளா என்றால், பயந்தாள். அதைவிடக் கோபம்தான் அதிகம்.

"அந்தம்மா மூணு தடவ சொல்லியிருக்காங்க. நான் ஒரு தடவதான் சொன்னேன், பச்சைன்னு. நீங்க யாரு சொல்லித்தான் கேட்டீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணமாகி முதல் தடவையாக அவரிடம் ஐந்து காரணங்களில் ஒன்றுகூட இல்லை.

அடுத்த இரண்டு பகலும் அவர் பட்டறையில் இருந்தார். டீ நிறம் என்று சொல்வது சுலபம், எத்தனை டீ? கடைசியில் வழி காட்டியது கதவுதான். கீல் பக்கம் ரெண்டுகோட்டு மரம் வரை சுரண்டிய இடத்தில் தெரிந்த பழுப்பு, அந்த வீட்டின் முதல் பெயின்ட். சிவப்புகள் எல்லாம் பிறகு வந்தவை. வளையத்துப் பற்களில் எதுவும் அதோடு சேரவில்லை. அவர் வளையத்தை ஓரமாக வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்துக் குழைத்தார். மஞ்சள் கொஞ்சம், சாம்பல் கொஞ்சம், ஓரங்களில் பழுப்பு. பல் இடுக்குகளில் கறை. ஒவ்வொரு பல்லையும் தேய்ந்த பல்லாகத் தேய்த்தார். முடிந்தபோது அது அழகாக இல்லை. யாரோ ஒருவருடையதாக இருந்தது.

இதற்குள் மைக்கம்மாவின் மூன்றாவது பல் ஒரு நூலில் நின்றது. அவள் பேசுவதை நிறுத்தி, சீட்டில் எழுதிக் காட்டினாள்.

ரெண்டுகோட்டை மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது கோட் என்றதும் அவர் பிரஷைக் கீழே வைத்துவிட்டார். தொழிலுக்கு வந்து இருபது வருடத்தில் தான் மூன்றாவது கோட் அடித்ததில்லை, ஊரில் தலைகாட்ட முடியாது என்றார். பிறகு கதவை ஒரு தடவை பார்த்தார். அது அவர் பார்க்கும்போதே கொஞ்சம் ஈரமானது. மறுபடி பிரஷை எடுத்தார். வெளிப்பக்கம் முழுவதும் அந்தப் பழுப்பு. உள்பக்கம் என்ன நிறம் என்று பல்செட்டுக்காரர் மைக்கம்மாவைக் கேட்டார். அவள் பெட்டியைத் திறந்து, மடித்த அட்டையை எடுத்து, இலைப்பச்சையில் விரல் வைத்தாள்.

சரியாக இரண்டரைக்கு வேலை முடிந்தது. வாசற்படியில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் புதுப் பல் செட்டைப் போட்டு வைத்தார்கள். கதவுக்கு நாற்காலி அணை. மூன்று பேரும் சமையலறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து நடை தெரியும், வாசல் தெரியாது. வாசல் வழியாக நடையில் விழும் வெயில் மட்டும் ஒரு பாய் விரித்தது போலத் தெரியும்.

மைக்கம்மா ஒரு கையால் கணவன் கையைப் பிடித்திருந்தாள். மறு கை வாயில்.

மூன்று மணி.

கிராம்பு வாசனை நடை வழியாக மெல்ல வந்தது.

தெருச் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றது.

வெயில் பாயின் மேல் ஒரு நிழல் விழுந்தது. குள்ளமாக.

"சார்," என்று ரெண்டுகோட்டு கிசுகிசுத்தார், "அந்தப் பல்லு இன்னும் என் பையில இருக்கு. குடுத்திரவா?"

"பேசாதய்யா."

தம்ளரில் தண்ணீர் அசைந்தது. கண்ணாடியில் ஏதோ தட்டியது, லேசாக.

பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. ஒருவர் ஒரு பொருளை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கு ஆகும் நேரம். அந்த நேரத்தில் பல்செட்டுக்காரருக்கு இருபத்திரண்டு வருடம் போனது.

மைக்கம்மாவின் விரலுக்கு அடியில் பல் ஒரு தடவை ஆடியது.

க்ளக்.

அந்தச் சத்தத்தை அவர் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். மேல் செட்டும் கீழ் செட்டும் முதல் தடவை ஒன்றோடொன்று சரியாக உட்காரும்போது வருவது. உலகத்தில் வேறெதிலும் அந்தச் சத்தம் வராது.

க்ளக். க்ளக்.

பிறகு, மிகத் தாழ்ந்த குரலில், கடையில் துணியைத் தடவிப் பார்த்துத் திருப்தியானவர் சொல்வது போல:

"ம்."

நடையில் நாற்காலி தானாக நகர்ந்தது. கதவு ஆறு நாளில் முதல் தடவையாக மெதுவாக, மிகவும் மரியாதையாகச் சாத்திக்கொண்டது. வெயில் பாய் சுருண்டு போனது.

முதலில் வாய் திறந்தவர் ரெண்டுகோட்டுதான். "காஞ்சிருச்சு போல சார்."

காய்ந்திருந்தது. விரலால் தொட்டால் பழைய கதவு போல அப்படிக் காய்ந்திருந்தது. படியில் தம்ளர் இருந்தது; தண்ணீர் ஒரு சொட்டுக் குறையவில்லை; பல் செட் இல்லை. பூட்டுப் பக்க விளிம்பில் ஈறின் வளைவுகள் இருந்த சுவடே தெரியவில்லை. அதே இடத்தில், காய்ந்த பெயின்டில், வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். பல்செட்டுக்காரர் எண்ணினார். வெளிப்பக்கம் மேல்வரிசை பதினான்கு, உள்பக்கம் கீழ்வரிசை பதினான்கு. தேய்மானம் வரை அவர் தேய்த்ததுதான்.

மைக்கம்மா வாயிலிருந்து விரலை எடுத்தாள். மூன்றாவது பல் ஆடவில்லை. மெல்ல, ஒவ்வோர் எழுத்தாக, "ஆறாவது மேடை" என்று சொல்லிப் பார்த்தாள். விசில் வந்தது, ஆனால் சின்னதாக. மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்ததும் மூன்று பேரும் கதவைப் பார்த்தார்கள்.

விழுந்த இரண்டு பல்லுக்கும் பல்செட்டுக்காரர் தானே பல் செய்தார். எந்த நிறம் என்று அவளைக் கேட்டார். செய்யும்போது ஒரு தடவை, வைத்துப் பார்க்கும்போது ஒரு தடவை, கடைசியாக ஒரு தடவை. அவளுக்கே அலுத்துவிட்டது. ஒரு வாரம் முடிவதற்குள் மைக் அவளிடமே திரும்பி வந்தது. இன்றும் அந்த ஊரில் வண்டிகள் நேரத்துக்குப் போகின்றன. ரெண்டுகோட்டு மட்டும் அந்தத் தெரு வேலையை ஒப்புக்கொள்வதில்லை. சட்டைப் பையிலிருந்த பல்லைத் தபாலில் அனுப்பிவிட்டார்.

அவர்கள் வீட்டை விற்கவில்லை. வெளியே பழுப்பு, உள்ளே பச்சை. வருகிறவர்களுக்கு அந்தக் கதவு பிடிக்காது, அவர்களுக்குப் பழகிவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு மட்டும் இருவரும் கதவுப் பக்கம் போவதில்லை. சில நாள் ஒன்றும் கேட்காது. சில நாள், வெயில் அதிகமான நாளில், சாத்திய கதவுக்கு உள்பக்கம், வீட்டுக்குள்ளே, மிக அருகில், ஒரு தடவை கேட்கும்.

க்ளக்.

போன மாதம் வீட்டுப் பத்திரத்தின் நகல் ஒன்றை வாங்குவதற்காகப் பல்செட்டுக்காரர் வெளியூர் போய், வீட்டைத் தங்களுக்கு விற்றவரைப் பார்த்தார். அந்த வீட்டைக் கட்டியது முதல் விற்கும் வரை அதில் தனியாக வாழ்ந்தவர் விற்றவருடைய அம்மா ஒருவர்தான். எண்பத்தாறு வயதில் சௌக்கியமாக இருக்கிறார், நல்ல உயரம், இவர் போனபோது முற்றத்தில் உட்கார்ந்து தன் சொந்தப் பற்கள் முப்பத்திரண்டாலும் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்.